இரண்டாவது வரியில் உது

வட்டுக்கோட்டை
06.10.2025

நிரோஜா,

வாட்ஸப்பில் என்னைத் தடுத்துவிட்டாய். முகநூலிலும் தடுத்துவிட்டாய். அழைத்தால் மணி ஒருமுறை அடித்து நின்றுவிடுகிறது. தபால்காரரை மட்டும் உன்னால் தடுக்க முடியாது. ஆகவே முப்பத்தைந்து வயதில் முதல் தடவையாக அஞ்சலகத்தில் வரிசையில் நின்று முத்திரை வாங்கியிருக்கிறேன்.

கூட்டத்தில் சொன்னதையே திரும்பச் சொல்கிறேன். இந்த முறை நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போக முடியாது.

உன் முச்சுட்டு நல்ல விளையாட்டுத்தான். கணினி நினைவகத்தில் எட்டாயிரம் அறைகள், வட்டமாக. அதற்குள் இரண்டு நிரல்களை விடுகிறோம். ஒன்று எங்கே இருக்கிறது என்பது மற்றதற்குத் தெரியாது. மாறி மாறி ஒவ்வொரு வரியாக ஓடும். எது செத்த அறையில் கால் வைக்கிறதோ அது தோற்றது. உலகம் நாற்பது வருடமாக ஆங்கிலத்தில் விளையாடுவதை நீ தமிழ்க் கட்டளைகளில் எழுதினாய். பாராட்டினேன். பாராட்டியதோடு நிற்காமல் சென்னைப் பதிப்பகம் ஒன்றிடம் பேசி, இரண்டு கரைப் பள்ளிக்கூடங்களுக்கும் பொதுவான கையேடாகக் கொண்டுவர ஒப்புக்கொள்ளவும் வைத்தேன். பதிப்பாசிரியர் நான்தான் என்பதை உனக்கு நினைவூட்டுகிறேன்.

சிக்கல் உன் சுட்டுச் சொற்களில். 'இது 4' என்றால் நான்கு என்ற எண்ணே. 'உது 4' என்றால் நான்கு அறை தள்ளியுள்ள அறை. 'அது 4' என்றால் அந்த அறைக்குப் போய், அங்கே எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து, அந்த எண் காட்டும் வேறோர் அறைக்குப் போவது. கதவில் ஒட்டியிருக்கும் விலாசத்தைப் பார்த்து அடுத்த வீட்டுக்குப் போவதைப்போல. கருத்தில் குறையில்லை. ஆனால் 'உது' என்ன சொல்? மதுரையிலோ கோவையிலோ ஒரு மாணவன் அதை அச்சுப்பிழை என்றுதான் நினைப்பான். வட்டாரக் கொச்சையைக் கணினிக்குள் ஏற்றிவிட்டு மொழி என்று பெயர் வைக்கக் கூடாது. ஆகவே இது, அது, அதன்வழி என்று மாற்றியிருக்கிறேன்.

நவம்பர் 15ஆம் திகதி கையேடு அச்சகத்துக்குப் போகிறது. உன் சம்மதம் கேட்டு எழுதவில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

ஜெயசுதன்


சாவகச்சேரி
10.10.2025

அண்ணை,

அண்ணை என்று தொடங்குவது பழக்கத்தால், மரியாதையால் இல்லை. அம்மா தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறா. "பெரியம்மாவின்ரை பிள்ளையடி, தலைப்பையெண்டாலும் ஒழுங்கா எழுது" எண்டு சொல்லுறா. எழுதிவிட்டேன்.

கொச்சையாம். ஐயோ கோதாரி! ஆறு வயதில் வள்ளம் ஏறி மண்டபத்துக்குப் போனீர்கள். இருபது வருடம் கழித்து விமானத்தில் வந்து இறங்கினீர்கள். இறங்கிய கையோடு எங்கள் வாயில் எந்தச் சொல் இருக்கலாம், எந்தச் சொல் இருக்கக் கூடாது என்று தீர்ப்பு எழுதுகிறீர்கள். இங்கே அதை அஞ்சலகம் என்பதில்லை, தபாற்கந்தோர் என்போம். அதையும் வெட்டிவிடுங்கள்.

என் பக்கத்தில் இருப்பது இது. தூரத்தில் இருப்பது அது. கேட்கிறவர் பக்கத்தில் இருப்பது உது, அவர் இருக்கிற இடம் உங்கை. ஒரு காலத்தில் தமிழ் முழுக்க மூன்று சுட்டும் இருந்தது என்று பழைய இலக்கணக்காரரே எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் அக்கரையில் ஒன்றைத் தொலைத்துவிட்டு, தொலைக்காமல் வைத்திருக்கிறவர்களைப் பார்த்துக் கொச்சை என்கிறீர்கள். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்ற கதைதான்.

இது என்ரை சொந்தக் கோபம் என்று நினைத்துச் சிரிக்க வேண்டாம். நாலு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் டியூட்டரியில் அறுபத்திரண்டு பிள்ளைகள் முச்சுட்டு எழுதுகிறார்கள். உங்கள் கையேடு வந்தால் பாடசாலைப் போட்டிக்கு அதுதான் சட்டம். 'அது' என்று பிள்ளைகள் எழுதிய ஒவ்வொன்றும் ஒரே நாளில் வேறு கருத்தாகிவிடும். ஒருவருடைய நிரலும் ஓடாது. உங்களுக்கு அது தரப்படுத்தல், எனக்கு அது நாலு வருடத்தைக் குப்பையில் கொட்டுகிற வேலை.

வாய் காட்டுறதை விட்டுவிட்டு ஒரு நிரல் எழுதுங்கோ பார்ப்பம். நானும் எழுதுகிறேன். நூறு சுற்று ஓடட்டும். நீங்கள் வென்றால் உதுவை வெட்டுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன். நான் வென்றால் உது நிற்கும்.

விதி இரண்டுதான். கையால் காகிதத்தில் எழுத வேண்டும். காகிதத்தில் இருப்பதே ஓடும், பிறகு "நான் நினைச்சது வேறை" என்று சொல்ல ஏலாது. நடுவராகக் குருநகரில் கணினி திருத்துகிற றொசாந்தி இருக்கட்டும். அவளுக்கு முச்சுட்டு ஒரு வரியும் தெரியாது, அதனால் திருத்தவும் தெரியாது. எழுத்துப்பிழை இருந்தால் பிழையோடே அடிப்பாள்.

பயமென்றால் சொல்லுங்கள். பயமென்பது கொச்சைச் சொல் இல்லைத்தானே.

நிரோஜா


வட்டுக்கோட்டை
14.10.2025

நிரோஜா,

சம்மதம். உன் தைரியத்தைப் பார்த்து அல்ல, உன் கூச்சல் நிற்க வேறு வழி தெரியாததால்.

நேற்றே குருநகருக்குப் போய் றொசாந்தியைப் பார்த்தேன். கடை முழுக்க வயிறு கிழிந்த கணினிகள். வாசலில் அவளுடைய அப்பா வலை காயப்போட்டிருந்தார். முழுவதையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னது இதுதான்: "எனக்கு உங்கடை குடும்பச் சண்டை வேண்டாம் அண்ணை. ரெண்டு பேரும் தாளைத் தாங்கோ, கிடக்கிறதை அடிச்சு விடுறன். ஆர் வெண்டாலும் எனக்கு மீன் விலை குறையப் போறதில்லை." புத்திசாலிப் பெண். உன் சொந்தமாக இல்லாதது அவளுடைய அதிர்ஷ்டம்.

ஒரு நிபந்தனையை நான் சேர்க்கிறேன். இருவரும் 28ஆம் திகதி தபாலில் போட வேண்டும். றொசாந்திக்கு ஒன்று, எதிராளிக்கு ஒன்று. பிறகு அவள் மாற்றினாள், இவன் மாற்றினான் என்று உன் அம்மாவரை பஞ்சாயத்து வரக் கூடாது.

உன் மாணவர்களுக்கு நீ என்ன கற்பிக்கிறாயோ தெரியாது. ஆகவே அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டில் மூன்று சாதிதான். கல்லெறிகாரன் தான் இருக்கும் இடத்தில் இருந்தபடி, எதிரி எங்கே என்று பார்க்காமலே, இத்தனை அறைக்கு ஒன்று என்று செத்த அறைகளை எறிந்துகொண்டே போவான். கறையான் தன்னையே பிரதி எடுத்துப் பிரதி எடுத்துப் பரவும், ஒன்றைக் கொன்றால் ஒன்பது இருக்கும். மோப்பக்காரன் எறியவும் மாட்டான், பரவவும் மாட்டான். வட்டத்தைச் சுற்றி முகர்ந்துகொண்டு போவான். எங்கேயாவது வெறுமையாக இல்லாத அறை தட்டுப்பட்டால் அங்கே நின்று வெளுப்பான். கறையான் கல்லெறிகாரனை வெல்லும். மோப்பக்காரன் கறையானை வெல்வான். கல்லெறிகாரன் மோப்பக்காரனை வெல்வான். எதிராளி எதைக் கொண்டுவருவான் என்று ஊகிப்பதில்தான் மூளை.

நீ கறையான்காரி. நாலு வருடமாக உன் டியூட்டரிச் சுவரிலேயே அதை ஒட்டி வைத்திருக்கிறாய். ஊகிப்பதற்கு எனக்குச் சிரமம் தரவில்லை, நன்றி.

ஜெயசுதன்


சாவகச்சேரி
18.10.2025

அண்ணை,

அடிப்படை சொல்லித் தந்ததற்கு நன்றி. அடுத்த கடிதத்தில் கணினியை எப்படிப் போடுவது என்றும் எழுதுவீர்களாக்கும். சுவிட்ச் எந்தப் பக்கம் என்று சொல்லாமல் விட்டுவிடாதீர்கள், எங்களுக்கு விளங்காது.

ஓம், நான் கறையான்காரிதான். ஒளிக்க என்ன கிடக்கு? என் கறையான் மூன்று பிரதியை ஒரே மூச்சில் போடும். உங்கள் மோப்பக்காரன் ஒன்றை முகர்ந்துகொண்டு நிற்கிற நேரத்தில் மற்ற இரண்டும் ஆறாகிவிடும். போன வருடம் முல்லைத்தீவில் இருந்து ஒருவர் மோப்பக்காரனோடு வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றதைப் பிள்ளைகள் இன்னும் நடித்துக் காட்டுகிறார்கள். நீங்கள் எதை எழுதினாலும் எழுதுங்கள். பத்து வரிக்கு மேல் எழுதினால் உங்களுக்கே மறந்துபோகும் என்பதை மட்டும் கவனத்தில் வையுங்கள்.

போன ஞாயிறு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டாள்: "ரீச்சர், உது இல்லாட்டி முச்சுட்டு இருசுட்டாயிடுமோ?" நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிள்ளைகள் வட்டுக்கோட்டைக்கு பஸ் பிடித்திருப்பார்கள்.

தீபாவளிக்குப் பலகாரம் அனுப்பச் சொல்லி அம்மா நிற்கிறா. நான் அனுப்பப் போவதில்லை.

நிரோஜா


வட்டுக்கோட்டை
23.10.2025

நிரோஜா,

பயற்றம் பணியாரம் வந்தது. சித்தியே சாவகச்சேரி பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறார். உன் கை பட்டிருக்காது என்பதால் நம்பிச் சாப்பிட்டேன்.

கறையானைப் பற்றி ஒரு பக்கம் பீற்றியிருக்கிறாய். எதிராளிக்குத் தன் ஆயுதத்தை விளக்கி எழுதுகிற ஒருத்தியிடம் பிள்ளைகளைப் படிக்கவிடும் பெற்றோரை நினைத்தால் கவலையாக இருக்கிறது. என் நிரல் முடிந்துவிட்டது. ஒன்பது வரி. மறந்துபோகாது.

கையேட்டின் முன்னுரையும் எழுதி முடித்துவிட்டேன். அதில் 'உது' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. 28ஆம் திகதி தபாலில் போட மறந்துவிடாதே.

ஜெயசுதன்


சாவகச்சேரி
28.10.2025

அண்ணை,

கறையான் வரும் என்று மோப்பக்காரனை எழுதி வைத்திருப்பீர்கள். நான் எழுதின அந்த ஒரு பக்கப் பீற்றலையும் வரி வரியாக நம்பியிருக்கிறீர்கள். எதிராளிக்குத் தன் ஆயுதத்தை ஆர் அண்ணை உண்மையாய் எழுதுவினம்?

இந்தாருங்கோ என்ரை நிரல். கல்லெறிகாரன். நாலே நாலு வரி.

1. கூட்டு இது 4, உது 3
2. வை உது 2, உது 2
3. போ உது −2
4. சவம் 0

முதல் வரி நாலாம் வரியிலுள்ள எண்ணோடு நாலைக் கூட்டும். இரண்டாம் வரி அந்தச் சவத்தைத் தூக்கி எறியும், அது விழுந்த அறை செத்த அறை. மூன்றாம் வரி திரும்ப முதல் வரிக்குப் போகும். நாலறைக்கு ஒரு கல். எட்டாயிரம் அறையையும் சுற்றி வரும், தன்னுடைய மூன்று வரியில் மட்டும் ஒருபோதும் விழாது. உங்கள் மோப்பக்காரன் ஒவ்வொரு கல்லாக முகர்ந்து, ஒவ்வொரு கல்லோடும் சண்டை பிடித்துக்கொண்டு நிற்பான். நிற்கிற இடத்திலேயே அடுத்த கல் விழும்.

இரண்டாம் வரியை நல்லாப் பாருங்கோ. உங்கடை தலையிலை விழப்போறது உதுதான். நீங்கள் வெட்டவேணும் எண்டு நிக்கிற அந்தச் சொல்தான் உங்கை வந்து விழும். இதைக் கணினியில் அடித்துப் பார்க்க முன்னமே எனக்குத் தெரியும், நேற்று வீட்டில் ஓட்டிப் பார்த்தபோதும் மோப்பக்காரனுக்கு எதிராக எழுபதுக்கு மேலே வந்தது. அதையே இப்போது மனப்பாடமாக எழுதிவிட்டேன்.

இந்தத் தாளைப் போட்டோகொப்பி எடுத்து அதைத்தான் றொசாந்திக்கும் அனுப்புகிறேன். உங்களுக்கு அசல். சட்டம் போட்டுக் கொழுவி வையுங்கள்.

நிரோஜா


சாவகச்சேரி
04.11.2025

அண்ணை,

றொசாந்தி முடிவு எழுதின துண்டுத்தாள் வந்தது. நூறு சுற்று. நீங்கள் நூறு. நான் பூச்சியம்.

ஒரு சமநிலை கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் ஒன்றிரண்டு சமநிலை வரும். நான் மூன்று தரம் துண்டைத் திருப்பிப் பார்த்தேன், மற்றப் பக்கத்தில் ஏதாவது இருக்குதோ என்று.

றொசாந்திக்குப் போன் எடுத்தேன். "அக்கா, நான் நீங்கள் எழுதினதைத்தான் அடிச்சனான். ஒண்டுக்கு ரெண்டு தரம் ஒத்துப் பார்த்தனான். நீங்கள் சொன்னபடி ஒரு எழுத்தும் மாத்தேல்லை" என்றாள். அவள் பொய் சொல்லுறவள் இல்லை. உங்களையும் நான் சந்தேகப்படவில்லை. களவு செய்வதற்கும் கொஞ்சம் மூளை வேண்டும்.

உங்கள் ஒன்பது வரியைப் பார்த்தேன். அதில் ஒரு அதிசயமும் இல்லை. என்ரை பிள்ளைகள் அதைவிட நல்லதாய் எழுதுவார்கள். அதனிடம் தோற்றிருக்கிறேன். ஏனென்று தேடிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. என்னிடம் பிரதியும் இல்லை, நேற்றிலிருந்து கணினியையும் போடவில்லை.

சொன்ன சொல் சொன்னதுதான். உதுவை வெட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்று இன்னும் தெரியவில்லை. நாலு வருடம் பழக்கிய வாயை வைத்துக்கொண்டு, இனி அப்படிச் சொல்லக் கூடாது என்று நானே சொல்ல வேண்டும். எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களிடம் தோற்றதற்கு இல்லை, பிள்ளைகளை வைத்துப் பந்தயம் கட்டியதற்கு.

பதில் எழுத வேண்டாம். நீங்கள் எழுதப்போவது எனக்குத் தெரியும்.

நிரோஜா


வட்டுக்கோட்டை
07.11.2025

நிரோஜா,

இதைத் தபாலில் போடவில்லை. சாவகச்சேரி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் உன் கையில் கிடைக்க வேண்டும்.

நான் என்ன எழுதப்போகிறேன் என்று உனக்குத் தெரியாது. எல்லாம் தெரியும் என்று நினைப்பதுதான் சிறுவயதிலிருந்தே உன் வியாதி.

முடிவு வந்த அன்று நான் சந்தோஷப்பட்டேன். அதை மறைக்கவில்லை. நூறுக்குப் பூச்சியம்! சித்தியைக் கூப்பிட்டுச் சொல்லவும் நினைத்தேன். பிறகு உன் தாளை மேசையில் விரித்து, எப்படி வென்றேன் என்று பார்க்க உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

உன் இரண்டாவது வரியில் 'வை உது 2, உது 2' என்று எழுதியிருக்கிறாய். இரண்டாவதாக வர வேண்டியது 'அது 2'. சவம் இருக்கும் அறைக்குப் போய், அங்கே எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து, அது காட்டும் தூர அறையில் கல்லைப் போட வேண்டும். நீ எழுதியபடி உன் கல்லெறிகாரன் கல்லை எடுக்கிறான், எடுத்த இடத்திலேயே வைக்கிறான். மறுபடி எடுக்கிறான், மறுபடி அங்கேயே வைக்கிறான். நூறு சுற்றிலும் ஒரு கல்கூட எறியவில்லை. என் மோப்பக்காரன் ஆற அமர வந்து, மடியில் கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைக் கொன்றுவிட்டுப் போனான். அதற்குத்தான் நான் சந்தோஷப்பட்டேன்.

அந்த ஒரு சொல்லை மாற்றி என் கணினியில் ஓட்டினேன். உனக்கு எழுபத்தொன்று. எனக்கு இருபத்திரண்டு. ஏழு சமநிலை. மூன்று முறை ஓட்டினேன், மூன்று முறையும் கிட்டத்தட்ட அதேதான்.

உன் விதிப்படி காகிதத்தில் இருப்பதே ஓடும். ஆகவே வென்றது நான்தான். அதோடு நல்ல வாதமும் கையில் கிடைத்தது. மொழியை ஆக்கியவளே தடுமாறுகிற சொல்லைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா என்று முன்னுரையில் எழுதலாம். எழுதினேன். மூன்று நாள் திருத்தித் திருத்தி எழுதினேன். மிக நன்றாக வந்தது. நேற்றுக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஏன் அந்தப் பிழை வந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது, அதனால்தான். கணினியில் அடித்தபோது நீ சரியாக அடித்தாய், எழுபதுக்கு மேல் வந்தது. ஆனால் கையால் எழுதியபோது நீ எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாய். கோபத்தில் இருந்தாய். கல் என்னிடம் வந்து விழ வேண்டும். நான் இருக்கும் இடம் உனக்கு 'உங்கை'. என்னிடம் இருப்பது உனக்கு 'உது'. கை, வாய் சொன்னபடி போய்விட்டது. எனக்கு அந்தப் பிழை வரவே வராது. எனக்கு உது ஒரு கட்டளை மட்டும்தான். அதனால்தான் உடனே கண்ணில் பட்டது.

இனி எழுதுவதைச் சித்திக்குப் படித்துக் காட்டாதே. திருச்சிப் பக்கத்து அகதி முகாமில் இருந்து பள்ளிக்கூடம் போன இரண்டாவது மாதம் அது. வாத்தியார் அழிறப்பரைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய மேசையிலேயே கிடந்தது. "சேர், உங்கை கிடக்கு" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். பத்தாம் வகுப்பு முடியும்வரை அந்தப் பள்ளிக்கூடத்தில் என் பெயர் உங்கை. 'டேய் உங்கை, பந்தை எடுடா.' பெயர்ப் பட்டியல் வாசிக்கும்போதும் யாராவது ஒருவன் அதைச் சொல்லுவான். அந்தச் சொல்லை என் வாயிலிருந்து பிடுங்கி எடுக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அழுதழுது பிடுங்கினேன். அதற்குப் பிறகு யார் வாயில் அதைக் கேட்டாலும் எனக்கு எரிகிறது. மதுரை மாணவன், கோவை மாணவன் என்றெல்லாம் எழுதினேனே, அது பொய். அவர்கள் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். என்னால்தான் அதை அச்சில் பார்க்க முடியவில்லை.

உது நிற்கும். முன்னுரையை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். இது உனக்குப் போடுகிற பிச்சை அல்ல. மடியில் கல்லோடு உட்கார்ந்திருந்தவனை வென்றதாக என் பெயரைச் சொல்லித் திரிய எனக்கு விருப்பமில்லை.

நன்றி சொல்ல முயலாதே, உனக்கு வராது.

ஜெயசுதன்


சாவகச்சேரி
10.11.2025

அண்ணை,

கடிதம் சனிக்கிழமை பின்னேரம் கிடைத்தது. கொண்டக்டர் வீட்டு வாசல்வரை வந்து தந்துவிட்டுப் போனார். என்ன சொல்லி அனுப்பினீர்களோ தெரியாது, ஏதோ மருந்து கொண்டு வந்தவர் மாதிரி ஓடி வந்தார்.

முதலில் நம்பவில்லை. றொசாந்திக்கு எடுத்து இரண்டாம் வரியை வாசிக்கச் சொன்னேன். "வை உது ரெண்டு, உது ரெண்டு" என்று வாசித்தாள். கதிரையில் இருந்துவிட்டேன். அம்மா, "என்னடி, ஆருக்கு என்ன?" என்று ஓடி வந்தா. ஒன்றுமில்லை, நான் ஒரு மடைச்சி, அவ்வளவுதான் என்றேன். "உது எனக்கு முந்தியே தெரியும்" எண்டிட்டுக் குசினிக்குப் போயிட்டா.

இப்போது என் பதிலைக் கேளுங்கள். பிச்சை இல்லை என்று நீங்கள் எழுதினால் பிச்சை இல்லாமல் போகுமோ? விதி போட்டது நான். காகிதத்தில் இருப்பதே ஓடும் என்று எழுதியது என் கை. ஓடியது, தோற்றேன். நீங்கள் பெரிய மனம் வைத்து விட்டுத்தர, நான் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வர மாட்டேன். அவ்வளவு மானங்கெட்டு நான் இன்னும் போகவில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். அந்த நாலு வரியையும் பிழையோடே கையேட்டில் போடுங்கள். முதலாம் பாடத்தில். மேலே என் பெயரை முழுதாகப் போடுங்கள், முச்சுட்டை ஆக்கியவள் என்றும் போடுங்கள். கீழே ஒரு கேள்வி: இந்தக் கல்லெறிகாரன் நூறு சுற்றில் ஏன் ஒரு கல்லும் எறியவில்லை? உங்கள் பெயரையும் போடுங்கள், நூறுக்குப் பூச்சியம் என்று வென்றவர் நீங்கள்தானே. அந்தக் கேள்வி இருக்க வேண்டுமென்றால் புத்தகத்தில் உது இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் என்ரை பிழை ஒருவருக்கும் விளங்காது. இப்படியென்றால் எனக்குச் சம்மதம். இது நீங்கள் தருவதில்லை, நான் கொடுக்கிற விலை.

நேற்று வகுப்பில் அதை வெண்பலகையில் எழுதிக் கேட்டேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை. முதலில் கை உயர்த்தினது இருசுட்டு என்று கேட்ட அந்தப் பிள்ளைதான். "ரீச்சர், உது எழுதினவர் ஆரோடையோ கோவமாக் கதைச்சுக்கொண்டு எழுதியிருக்கிறார்" என்றாள். பிறகு நான்தான் என்று சொன்னேன். சிரித்தார்கள். நல்லாச் சிரிக்கட்டும் என்று நின்றேன்.

அண்ணை, அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவுக்குக் காட்டவில்லை. நான் இரண்டு தரம் வாசித்தேன். சிரித்தவங்கள் ஒவ்வொருத்தன்ரையும் பேர், விலாசம் எனக்கு வேணும். அந்த வாத்தியின்ரையும். முப்பது வருடமானால் என்ன, முத்திரை வாங்க எனக்கும் காசு கிடக்கு. ஒரு சின்னப் பெடியனை அழ வைத்துப் பிடுங்கி எடுத்திருக்கிறாங்கள். அதைத் தெரியாமல் நானும் மீசை, மண் என்று எழுதிவிட்டேன். அது பிழை. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன், மற்றது எதற்கும் இல்லை. உங்கள் மோப்பக்காரன் இப்பவும் குப்பைதான்.

கடிதத்தை முடிக்க முன்னம் ஒன்று கேட்க வேண்டும். நாலைந்து தரம் வேறு மாதிரி எழுதிப் பார்த்து வெட்டிவிட்டேன். நீங்கள் இருக்கிற இடத்துக்கு என்னிடம் வேறு சொல் இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கோ.

இஞ்சை விடியத் தொடக்கம் நிக்காமல் ஊத்துது.

உங்கை மழையோ?

நிரோஜா